ஸ்டென்ட் வைத்த பிறகு: கசிவும் உறைவும்

இதயத் தமனியின் அடைப்பை விலக்கி ஸ்டென்ட் எனும் உலோக வலைக்குழாய் வைத்துக்கொண்ட ஒருவருக்கு அன்றிரவு இடுப்புக்கு மேலே, ஒரு பக்கமாக, முதுகு வலிக்கிறது. அசையாமல் படுத்துக் கிடந்ததால் வந்த வலி என்று அவரும் நினைக்கிறார், பக்கத்தில் இருப்பவர்களும் நினைக்கிறார்கள். பல நேரம் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் கூடவே ரத்த அழுத்தமும் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தால் கதை வேறு. ஸ்டென்டை உள்ளே கொண்டுபோகத் தொடையில் குத்திய தமனியிலிருந்து ரத்தம் வயிற்றறைக்குப் பின்புறம் கசிந்து தேங்கிக்கொண்டிருக்கலாம். வெளியே ஒரு சொட்டுகூடத் தெரியாது.

இன்னொருவர் ஸ்டென்ட் வைத்து ஆறு வாரம் ஆனவர். பல் பிடுங்க வேண்டும், ரத்தம் நிற்காமல் போய்விடுமோ என்று பயந்து, ரத்தம் உறையாமலிருக்க எடுக்கும் மாத்திரைகளை யாரையும் கேட்காமல் நிறுத்துகிறார். சில நாளில் நெஞ்சுவலியோடு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருகிறார். ஸ்டென்ட் இருந்த இடத்திலேயே ரத்தம் உறைந்து குழாய் முழுதாக அடைத்துவிட்டது.

முதலாமவருக்கு ரத்தம் வெளியேறியது சிக்கல், இரண்டாமவருக்கு உறைந்தது சிக்கல். ஸ்டென்ட் வைத்த பிறகு ரத்தக் குழாய்களில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு கரைகளில் ஏதோ ஒன்றில்தான் ஒதுங்குகின்றன. இதில் உள்ள வம்பு என்னவென்றால், ஒரு கரையிலிருந்து நோயாளியைத் தள்ளிவிடும் மருந்து மறு கரைக்கு அருகே கொண்டுபோய்விடும். கடந்த நாற்பது ஆண்டுகளின் ஸ்டென்ட் வரலாற்றையே இந்த இழுபறியாகப் படிக்கலாம்.

1977 செப்டம்பரில் சூரிச் நகரில் ஆந்திரியாஸ் குருன்ட்சிக் முதன்முதலாக இதயத் தமனிக்குள் பலூனை விரித்து அடைப்பை விலக்கினார். பலூன் வெளியே வந்ததும் சிலருக்குக் குழாய்ச் சுவர் கிழிந்து உடனே மூடிக்கொண்டது. பலருக்குச் சில மாதங்களில் மீண்டும் சுருங்கியது. அதைத் தாங்கிப் பிடிக்க வந்ததுதான் உலோக வலை. 1986-இல் பிரான்சின் துலூஸ் நகரில் ஜாக் புவேல், சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் உல்ரிக் சிக்வார்ட் ஆகியோரின் குழுக்கள் மனித இதயத் தமனியில் முதல் ஸ்டென்ட்களை வைத்தன. சுவர் சரிவது நின்றது. ஆனால் ரத்தத்துக்கு உலோகம் அந்நியப் பொருள். அந்த முதல் ஸ்டென்ட்களைப் பற்றி 1991-இல் வெளியான அறிக்கையில், 105 நோயாளிகளில் 25 பேருக்கு ஸ்டென்ட் முழுதாக அடைத்துப்போயிருந்தது.

பயந்துபோன மருத்துவர்கள், உறைவைத் தடுக்கும் மருந்துகளான ஹெப்பாரின், வார்ஃபரின், ஆஸ்பிரின் என்று கையில் இருந்த எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்தார்கள். விளைவு தொடையில் தெரிந்தது. பலூன் மட்டும் போதுமா, ஸ்டென்டும் வைக்கலாமா என்று ஒப்பிட்ட பெனஸ்டென்ட் ஆய்வு 1994-இல் வந்தபோது, மீண்டும் சுருங்குவது 32 சதவீதத்திலிருந்து 22 சதவீதமாகக் குறைந்திருந்தது. ஆனால் ரத்தக்கசிவும் குத்திய இடத்துச் சிக்கல்களும் 3.1 சதவீதத்திலிருந்து 13.5 சதவீதமாக ஏறியிருந்தன. ஸ்டென்ட் வைத்தவர்கள் சராசரியாக எட்டரை நாள் மருத்துவமனையில் கிடந்தார்கள். இதயத்தைத் திறந்துவிட்டுத் தொடையை உடைத்த கதை.

இந்த முடிச்சை அவிழ்த்தது புதிய மருந்து மட்டுமல்ல என்பது கவனிக்க வேண்டியது. இத்தாலியின் அந்தோனியோ கொலம்போ, குழாய்க்குள் செலுத்தும் நுண் அல்ட்ராசவுண்ட் கருவியால் பார்த்தபோது, வைக்கப்பட்ட ஸ்டென்ட்களில் பல முழுதாக விரியாமல் பாதி திறந்த குடை போல நிற்பதைக் கண்டார். அதிக அழுத்தத்தில் பலூனை விரித்துச் சுவரோடு ஒட்டவைத்தால் வார்ஃபரின் தேவையில்லை, ரத்தத் தட்டணுக்களை அடக்கும் மாத்திரைகளே போதும் என்று 1995-இல் எழுதினார். அடுத்த ஆண்டே ஜெர்மனியில் 517 பேரிடம் நடந்த ஐசார் ஆய்வு அதை உறுதிசெய்தது. தட்டணுக்களை அடக்கும் ஆஸ்பிரினும் டிக்ளோபிடினும் எடுத்தவர்களில் 1.6 சதவீதம் பேருக்கும், பழைய முறையில் மருந்து எடுத்தவர்களில் 6.2 சதவீதம் பேருக்கும் இதயச் சிக்கல் வந்தது. குத்திய இடத்துச் சிக்கலும் 6.2-இலிருந்து 0.8-ஆக இறங்கியது. இரண்டு கரையிலிருந்தும் ஒரே நேரத்தில் விலக முடிந்த அபூர்வமான தருணம் அது. இன்றைக்கு ஸ்டென்ட் வைத்தவர் எல்லாரும் விழுங்கும் இரட்டை மாத்திரை அங்கிருந்து வந்ததுதான்.

துளையில் தொடங்கும் தொல்லைகள்

தொடைத் தமனியில் குத்துவதற்கு நல்ல இடம் என்று ஒரு சில சென்டிமீட்டர் நீளம்தான் உண்டு. அந்த இடத்தில் தமனிக்குப் பின்னால் தொடை எலும்பின் தலை இருக்கிறது. குழலை எடுத்தபின் விரலால் அழுத்தினால், விரலுக்கும் எலும்புக்கும் நடுவே தமனி நசுங்கி ரத்தம் நிற்கும். ஊசி அதற்கு மேலே போனால் துளை வயிற்றறைக்குப் பின்புறம் விழும். அழுத்த எலும்பு இல்லை, கசிவதும் தெரியாது. கீழே போனால் தமனி இரண்டாகப் பிரிந்தபின் உள்ள சிறு கிளைகளில் குத்து விழும். அங்கேயும் பின்பலம் கிடையாது. தொடைவழிச் சிக்கல்களில் பெரும்பகுதிக்கு இந்த ஓரிரு சென்டிமீட்டர் பிசகே வேர். அல்ட்ராசவுண்டில் தமனியைப் பார்த்துக்கொண்டே குத்தும் பழக்கம் பரவுவதற்கும் இதுதான் காரணம். கையால் தொட்டுப் பார்த்தே குத்திப் பழகியவர்கள் அதை வேண்டாத வேலை என்பார்கள். உடல் பருத்தவர்களிடம் தோலின் மடிப்பை நம்பிக் குத்துவது எவ்வளவு ஏமாற்றும் என்பது அவர்களுக்கும் தெரியும்.

அதிகம் வருவது ரத்தக்கட்டு. தோலுக்கடியில் ரத்தம் தேங்கி வீங்குவது. வீக்கத்தின் ஓரத்தைப் பேனாவால் வரைந்துவைத்துவிட்டு, கோட்டைத் தாண்டுகிறதா என்று செவிலியர் பார்த்துக்கொண்டிருப்பார்கள்; எளிய வழி, ஆனால் நம்பகமானது. அழுத்தம், ஓய்வு, தேவைப்பட்டால் ரத்தம் ஏற்றுதல் என்பதோடு பெரும்பாலும் முடிந்துவிடும். நான்கைந்து நாளில் தொடை முழுக்க நீலமும் மஞ்சளுமாகப் பரவும் கன்றலைப் பார்த்துப் பலர் பதறிப்போகிறார்கள். அது தேங்கிய ரத்தம் கரைந்து கீழே இறங்கும் நிறம்தான். பயப்பட வேண்டியது நிறத்துக்கு அல்ல, கெட்டியாகிக்கொண்டே பெருகும் வீக்கத்துக்கு.

அந்த வீக்கம் துடித்தால் வேறு பெயர். தமனியின் துளை மூடாமல், ரத்தம் வெளியே வந்து சுற்றியுள்ள தசைக்குள் ஒரு பை அமைத்துக்கொண்டு, ஒவ்வொரு துடிப்புக்கும் உள்ளே போய் வெளியே வந்துகொண்டிருக்கும். இதற்கு சூடோஅனியூரிசம் என்று பெயர்; பொய் ரத்தநாள வீக்கம் என்று சொல்லலாம், ஏனென்றால் பையைச் சுற்றித் தமனியின் சுவர் கிடையாது. வீடு திரும்பிச் சில நாள் கழித்துக்கூடத் தெரியவரும். ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் உடனே பிடிபடும். இரண்டு சென்டிமீட்டருக்குக் குறைவானவை பெரும்பாலும் தாமாகவே உறைந்து மூடிக்கொள்கின்றன, பார்த்துக்கொண்டிருந்தால் போதும். பெரியவற்றுக்கு முன்பு ஸ்கேன் கருவியாலேயே நீண்ட நேரம் அழுத்திப் பிடிப்பார்கள். நோயாளிக்கும் அழுத்துபவருக்கும் அது ஒரு தண்டனை. ரத்தம் உறையாமலிருக்கும் மருந்து எடுப்பவர்களிடம் தோற்கவும் செய்யும். இப்போது ஸ்கேனில் பார்த்துக்கொண்டே பைக்குள் நுண் ஊசியால், ரத்தத்தை உறையவைக்கும் த்ராம்பின் செலுத்துகிறார்கள். நொடிகளில் பை உறைந்து நின்றுவிடுகிறது. கழுத்து அகலமாக உள்ள பையாக இருந்தால் மட்டும் எச்சரிக்கை தேவை, ஏனென்றால் த்ராம்பின் தமனிக்குள் நழுவினால் காலுக்குப் போகும் ரத்தமே உறைந்துவிடும். வேகமாகப் பெருகுவது, கிருமித்தொற்று உள்ளது, மேல்தோல் கெடத் தொடங்கியது, நரம்பை நசுக்குவது ஆகியவற்றுக்கு அறுவை சிகிச்சைதான்.

தமனியையும் பக்கத்துச் சிரையையும் ஊசி சேர்த்துத் துளைத்துவிட்டால் இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டாகிவிடும். ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் நிற்காத இரைச்சல் கேட்கும். பெரும்பாலானவை தொல்லை தருவதில்லை, கணிசமானவை ஓர் ஆண்டுக்குள் தாமாகவே மூடுகின்றன. ஆகவே அவசரம் இல்லை.

வயிற்றறைக்குப் பின்புறக் கசிவு அப்படி அல்ல. முதுகு அல்லது விலாப்புற வலி, அடிவயிற்றில் பாரம், வியர்வை, காரணம் தெரியாமல் இறங்கும் ரத்த அழுத்தம் ஆகியவையே தடயங்கள். சி.டி. ஸ்கேன் காட்டிக்கொடுக்கும், நோயாளி தளர்ந்துபோனால் ஸ்கேனுக்குக் காத்திருப்பதும் தவறு. ஹெப்பாரினை புரோட்டமின் ஊசியால் முறிப்பது, திரவமும் ரத்தமும் ஏற்றுவது என்று தொடங்கி, பலருக்கு அத்தோடு கசிவு அடங்கிவிடுகிறது. அடங்காவிட்டால் மறு தொடையின் தமனி வழியாக நுழைந்து, கசியும் இடத்தைப் பலூனால் அடைத்து, துணிபோன்ற உறை சுற்றிய ஸ்டென்டை வைத்து மூடுவார்கள். அதுவும் முடியாதபோது அறுத்துத் தைப்பார்கள். இதில் நோயாளியின் உயிர் கருவியைவிட, வலியைச் சொன்ன நேரத்தையும் அதை யாராவது காதில் வாங்கிய நேரத்தையும் பொறுத்திருக்கிறது.

துளையை உடனே மூட கொலாஜன் அடைப்பான், நூல்முடிச்சு போன்ற கருவிகளும் உண்டு. நோயாளி சீக்கிரம் எழுந்து நடக்கலாம், அது பெரிய நிம்மதி. ஆனால் சிக்கலைக் குறைக்கும் கவசம் என்று அவற்றை நம்பிவிடக்கூடாது. எப்போதாவது கருவியே தமனியை அடைத்துவிடுவதும், கிருமி பிடிப்பதும் உண்டு. கால் சில்லிட்டு, வெளுத்து, மரத்து, பாதத்தில் நாடி காணாமல் போனால் அது மணிக்கணக்கில் தீர்க்க வேண்டிய அவசரம்.

மணிக்கட்டுக்கு மாறியது ஏன்?

தொடைத் தமனியின் இத்தனை வம்பையும் தவிர்க்க எளிய வழி, அங்கே குத்தாமலிருப்பது. 1989-இல் கனடாவின் லூசியன் காம்போ மணிக்கட்டு வழியே ஆஞ்சியோகிராம் எடுத்துக் காட்டினார். சில ஆண்டுகளில் நெதர்லாந்தின் ஃபெர்டினாண்ட் கீமெனேய் அதே வழியில் ஸ்டென்டும் வைத்தார். மணிக்கட்டில் தமனி தோலுக்கு அடியிலேயே எலும்பின் மேல் கிடக்கிறது. ஒரு பட்டையைக் கட்டினால் ரத்தம் நின்றுவிடும். மாரடைப்போடும் அதை ஒட்டிய நிலைகளோடும் வந்த 8,404 பேரிடம் நடந்து 2015-இல் வெளியான மேட்ரிக்ஸ் ஆய்வில், மணிக்கட்டு வழியில் சென்றவர்களிடம் ரத்தக்கசிவு மட்டுமல்ல, இறப்பும் குறைவாக இருந்தது: 1.6 சதவீதம், தொடைவழியில் 2.2 சதவீதம். ஊசி குத்தும் இடத்தை மாற்றியதற்கு உயிர்க்கணக்கில் பலன் கிடைப்பது மருத்துவத்தில் அடிக்கடி நடப்பதில்லை.

மணிக்கட்டுக்கும் தனிக் குறைகள் உண்டு. தமனி சிறியது, இறுகிக்கொள்ளும். அதற்கு நைட்ரோகிளிசரின், வெராப்பமில் போன்றவற்றை உள்ளே செலுத்துவார்கள். பிறகு சிலருக்கு அந்தத் தமனியே அடைத்துப்போகிறது. உள்ளங்கைக்கு அதே மணிக்கட்டின் மறுபக்கத் தமனியிலிருந்தும் ரத்தம் வருவதால் பெரும்பாலோர் அதை உணர்வதே இல்லை. போதிய ஹெப்பாரின் கொடுப்பதும், பட்டையை ரத்த ஓட்டம் நின்றுபோகுமளவுக்கு இறுக்காமலிருப்பதும் தடுப்பு முறைகள். அடைத்தது உடனே தெரிந்தால் மறுபக்கத் தமனியைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தே சில சமயம் திறந்துவிட முடிகிறது. அரிதாக, முழங்கையை நோக்கி வீக்கம் ஏறி, முன்கை கல்லாக இறுகி, விரலை நீட்டினால் தாங்க முடியாத வலி வந்தால், தசை அறைகளில் அழுத்தம் ஏறுகிறது என்று பொருள். அதற்குத் தாமதமில்லாமல் கீறி அழுத்தத்தை இறக்க வேண்டும்.

உள்ளே கிழிந்தால்

ஸ்டென்ட் வைக்கும் மேசையிலேயே நேரும் விபத்துகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அவற்றைக் கையாள்வது அங்கிருப்பவர்களின் வேலை. தமனியின் உட்சுவர் கிழிந்தால் கிழிசலை மூட இன்னொரு ஸ்டென்ட் வைக்கிறார்கள். தமனி துளைபட்டால், இருநூறு முன்னூறு பேரில் ஒருவருக்கு நேரக்கூடிய அபாயம் அது, ரத்தம் இதயத்தைச் சுற்றியுள்ள உறைக்குள் நிறைந்து இதயத்தையே நசுக்கும். முதல் வேலை, பலூனை அங்கேயே விரித்துக் கசிவை அடைப்பது. பிறகு உறை சுற்றிய ஸ்டென்ட். ஸ்டென்டுக்கு வழிகாட்டும் கம்பியின் முனை துளைத்த மெல்லிய கிளையானால் நுண் சுருளால் அடைப்பு. இதய உறைக்குள் தேங்கியதை ஊசியால் உறிஞ்சி வெளியேற்றல். கம்பி முனையால் வரும் துளை மேசையில் தெரியாமல் சில மணி நேரம் கழித்து நோயாளி தளரும்போதுதான் தெரியும் என்பது இதில் உள்ள கண்ணி. குழாய் திறந்திருந்தும் ரத்தம் ஓடாத நிலை ஒன்றும் உண்டு. உறைகட்டித் துகள்களும் சிதைந்த கொழுப்பும் நுண் குழாய்களை அடைப்பதால் அது வருகிறது. அடினோசின், வெராப்பமில், நைட்ரோபுருசைடு போன்றவற்றைத் தமனிக்குள்ளேயே கொடுத்துப் பார்ப்பார்கள்.

ஸ்டென்டுக்குள் உறைந்தால்

ஸ்டென்ட் சிக்கல்களில் அபூர்வமானதும் கொடியதும் இது. 24 மணி நேரத்துக்குள், முதல் மாதத்துக்குள், ஓராண்டுக்குள், ஓராண்டுக்குப் பிறகு என்று காலத்தை வைத்து இதைப் பிரிக்கிறார்கள். பிரிவினை வெறும் கணக்குக்காக அல்ல, காலம் மாறினால் காரணமும் மாறுகிறது. முதல் மாதத்தில் வந்தால் பெரும்பாலும் வேலையில் குறை: ஸ்டென்ட் விரியவில்லை, ஓரத்தில் கிழிசல் விடுபட்டது, அளவு சிறியது. இல்லையென்றால் மாத்திரை நின்றிருக்கும். ஆண்டுகள் கழித்து வந்தால் உலோகம் இன்னும் உயிர்த்தோலால் மூடப்படாமல் கிடக்கலாம், சுவர் விலகியிருக்கலாம், அல்லது ஸ்டென்டுக்குள்ளேயே புதிதாகக் கொழுப்பு படிந்து வெடித்திருக்கலாம்.

நவீன ஸ்டென்ட்களில் முதல் ஆண்டில் நூற்றுக்கு ஒருவர் அளவிலோ அதற்கும் கீழேயோதான் இது வருகிறது. வந்தால் மாரடைப்பாகவே வருகிறது. 2005-இல் வெளியான 2,229 நோயாளிகளின் ஆய்வொன்றில் ஒன்பது மாதத்தில் 1.3 சதவீதம் பேருக்கு உறைவு நேர்ந்தது. நேர்ந்தவர்களில் 45 சதவீதம் பேர் இறந்தார்கள். உறைவை முன்கூட்டியே காட்டும் காரணங்களை அலசியபோது, நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளி முதலில் நின்றது மாத்திரையைச் சீக்கிரம் நிறுத்தியது.

சிகிச்சை, உடனடியாகத் திரும்ப கேத் லேப், அதாவது ஸ்டென்ட் வைக்கும் அறை. கம்பியை நுழைத்து, உறைகட்டியை உறிஞ்சியோ பலூனால் விலக்கியோ ஓட்டத்தைத் திறப்பார்கள். அதோடு நிறுத்தினால் பாதி வேலைதான். ஏன் உறைந்தது என்று நுண் அல்ட்ராசவுண்டோ ஓ.சி.டி. எனும் ஒளிப்படமோ உள்ளே செலுத்திப் பார்க்க வேண்டும். விரியாத ஸ்டென்டாக இருந்தால் உயர் அழுத்தப் பலூன் போதும், அதன்மேல் இன்னொரு ஸ்டென்ட் வைப்பது குற்றத்தை மூடி மறைப்பதுதான். மாத்திரை ஒழுங்காக எடுத்தும் உறைந்திருந்தால், ஆஸ்பிரினோடு இரண்டாவது மாத்திரையாக எடுக்கும் குளோபிடோகிரெலை மாற்றி டிகாகிரெலார் அல்லது பிராசுகிரெல் கொடுப்பார்கள். குளோபிடோகிரெல் கல்லீரலில் மாறியபின்தான் வேலை செய்யும். மரபுவழியாகவே அந்த மாற்றம் மந்தமாக நடப்பவர்கள் கணிசமாக உண்டு.

மீண்டும் சுருங்கினால்

உறைவது நிமிடங்களில் நடக்கும்; சுருங்குவது மாதங்களில். புண் ஆறும்போது வடு வளர்வதைப்போலவே, பலூனால் காயப்பட்ட சுவரிலிருந்து தசைச் செல்கள் பெருகி ஸ்டென்டின் வலைக்கண் வழியே உள்ளே வளர்கின்றன. படி ஏறும்போது பழைய நெஞ்சுவலி திரும்ப எட்டிப் பார்ப்பதுதான் வழக்கமான அறிகுறி. வெறும் உலோக ஸ்டென்ட் காலத்தில் நான்கில் ஒருவருக்கு வந்துகொண்டிருந்தது. வடுவை அடக்கும் சிரோலிமஸ் மருந்தைப் பூசிய ஸ்டென்ட், 2002-இல் வெளியான ராவெல் ஆய்வில் ஆறு மாதத்தில் ஒருவருக்குக்கூடச் சுருங்கவில்லை என்று காட்டியபோது, வெறும் உலோகத்தில் அது 26.6 சதவீதம், பிரச்சினையே முடிந்துவிட்டதாக மருத்துவ உலகம் கொண்டாடியது.

முடியவில்லை. வடுவை நிறுத்தும் மருந்து புண் ஆறுவதையும் நிறுத்துகிறது. உலோகம் மூடப்படாமல் நீண்டகாலம் ரத்தத்துக்கு முகம் காட்டிக்கொண்டிருந்தது. 2006 செப்டம்பரில் பார்சிலோனாவில் நடந்த ஐரோப்பிய இதயநோய் மாநாட்டில் தாமதமாக வரும் உறைவு பற்றிய கணக்குகள் வெளியானபோது மருந்து ஸ்டென்ட்களின் பேரே கெட்டது. மெல்லிய கம்பி, உடலோடு ஒத்துப்போகும் பூச்சு, எவரோலிமஸ் போன்ற அடுத்த மருந்துகள் என்று பிந்திய தலைமுறைகள் அந்த அபாயத்தைப் பெருமளவு குறைத்துவிட்டன. உடலிலேயே கரைந்துவிடும் ஸ்டென்ட் வந்தால் இரண்டு கவலையும் தீருமென்று எதிர்பார்த்தார்கள். 2016-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அப்சார்ப், உறைவு அதிகம் என்பது தெரிந்து அடுத்த ஆண்டே விற்பனையிலிருந்து விலக்கப்பட்டது.

சுருங்கிய ஸ்டென்டுக்குச் சிகிச்சை செய்யும்போதும் முதல் கேள்வி அதேதான்: உள்ளே பார்த்தார்களா? சுண்ணாம்பு படிந்த சுவரில் விரியாமல் நின்ற ஸ்டென்ட் என்றால், அதிர்வலையால் சுண்ணாம்பை நொறுக்கும் பலூனோ உயர் அழுத்தப் பலூனோ தேவை. வடு வளர்ந்திருந்தால் மருந்து ஸ்டென்டை உள்ளே வைக்கலாம், அல்லது மருந்து பூசிய பலூனை விரித்து மருந்தைச் சுவரில் தடவிவிட்டு எடுத்துவிடலாம். இரண்டாவது வழியில் புதிய உலோகம் மிஞ்சுவதில்லை. ஏற்கெனவே இரண்டு அடுக்கு உலோகம் இருக்கும் குழாயில் மூன்றாவதை வைப்பதைவிட இது நல்லது. அங்கே பைபாஸ் அறுவையைப் பற்றிப் பேசவும் தயங்கக்கூடாது.

இதயத்துக்கு வெளியே

ஸ்டென்ட் வேறு குழாய்களிலும் வைக்கப்படுகிறது, அங்கே இதே கதை வேறு வடிவில் வருகிறது. தொடைத் தமனி நடக்கும்போது மடங்குகிறது, முறுக்கிக்கொள்கிறது. அதனால் அங்கே கம்பி உடைவதும் மீண்டும் சுருங்குவதும் அதிகம். திடீரென்று அடைத்தால் கதீட்டர் எனும் மெல்லிய குழல் வழியே உறைகட்டியைக் கரைக்கும் மருந்தைச் சொட்டுச் சொட்டாகச் செலுத்துவார்கள், அல்லது கருவியால் உறிஞ்சி எடுப்பார்கள். உணர்வும் அசைவும் போகத் தொடங்கிய காலுக்குக் காத்திருக்க நேரமில்லை. கழுத்துத் தமனியில் உதிரும் துகள் மூளைக்குப் போகிறது. 2010-இல் வெளியான கிரெஸ்ட் ஆய்வில் சிகிச்சையை ஒட்டிய நாட்களில் பக்கவாதம் ஸ்டென்ட் வைத்தவர்களில் 4.1 சதவீதம், அறுவை செய்தவர்களில் 2.3 சதவீதம், மாரடைப்போ அறுவைப் பக்கம் கூடுதல். வயிற்றுப் பெருந்தமனியின் வீக்கத்துக்குள் வைக்கும் உறை ஸ்டென்டில் கவலை உறைவைவிடக் கசிவுதான்: உறையைச் சுற்றி ரத்தம் வீக்கத்துக்குள் புகுந்துகொண்டே இருக்கலாம். முனைகளிலோ இணைப்புகளிலோ கசிந்தால் சரிசெய்தாக வேண்டும். சிறு கிளைகளிலிருந்து திரும்பி வரும் கசிவை, வீக்கம் பெருகாதவரை பார்த்துக்கொண்டிருக்கலாம். அதற்காகவே இவர்களுக்கு ஸ்கேன் ஆயுள் முழுக்கத் தொடர்கிறது.

எத்தனை மாதம்?

நோயாளிகள் அதிகம் கேட்கும் கேள்வி இது. பொதுவான விடை, மாரடைப்போடு வந்து ஸ்டென்ட் வைத்தவருக்கு இரட்டை மாத்திரை ஓராண்டு, நிலையான நெஞ்சுவலிக்கு வைத்தவருக்கு ஆறு மாதம், பிறகு ஒரு மாத்திரை நெடுங்காலம். ஆனால் இந்த எண்கள் பேரம் பேசி எட்டிய உடன்பாடு போன்றவை. 2014-இல் வெளியான ஆய்வொன்றில் இரட்டை மாத்திரையை 12 மாதத்தோடு நிறுத்தாமல் 30 மாதம் வரை நீட்டியபோது ஸ்டென்ட் உறைவு 1.4-இலிருந்து 0.4 சதவீதமாகக் குறைந்தது. கடுமையான அல்லது மிதமான ரத்தக்கசிவு 1.6-இலிருந்து 2.5 சதவீதமாக ஏறியது. எதிர்த்திசையில், 2019-இல் வந்த ட்வைலைட் ஆய்வு மூன்று மாதத்துக்குப் பிறகு ஆஸ்பிரினை விட்டுவிட்டு டிகாகிரெலாரை மட்டும் தொடர்ந்தது. ரத்தக்கசிவு 7.1-இலிருந்து 4.0 சதவீதமாக இறங்கியது; மாரடைப்பும் இறப்பும் கூடவில்லை. வயிற்றுப்புண், ரத்தசோகை, முதுமை, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இப்போது ஒன்று முதல் மூன்று மாதத்திலேயே ஒரு மாத்திரையை நிறுத்துவது வழக்கமாகி வருகிறது. பக்கத்து வீட்டுக்காரருக்கு ஓராண்டு எழுதியிருக்கிறார்கள் என்பது எனக்கும் உங்களுக்கும் கணக்கு ஆகாது.

இழுபறி உச்சத்துக்குப் போவது, இதயத் துடிப்பு ஒழுங்கற்றுப்போய் ஏற்கெனவே ரத்தம் உறையாமலிருக்கும் மருந்து எடுப்பவருக்கு ஸ்டென்டும் வைக்கும்போது. அந்த மருந்தும் இரட்டை மாத்திரையுமாக மூன்றும் சேர்ந்தால் ரத்தக்கசிவு தாங்காது. 4,614 பேரிடம் நடந்த அகஸ்டஸ் ஆய்வில் ஆஸ்பிரினும் சேர்த்து எடுத்தவர்களில் ஆறு மாதத்தில் 16.1 சதவீதம் பேருக்கும், ஆஸ்பிரினை விட்டவர்களில் 9.0 சதவீதம் பேருக்கும் கவலைக்குரிய ரத்தக்கசிவு. ஆகவே இவர்களில் பெரும்பாலோருக்கு முதலில் விடைபெறுவது ஆஸ்பிரின்.

பல் பிடுங்குவது போன்ற சிறு வேலைக்கு மாத்திரையை நிறுத்த வேண்டிய தேவையே பெரும்பாலும் இல்லை; பஞ்சு, தையல், அந்த இடத்திலேயே ரத்தம் நிறுத்தும் மருந்து போதும். பெரிய அறுவை என்றால், தள்ளிப்போடக் கூடியதை ஸ்டென்ட் வைத்து ஆறு மாதமாவது தள்ளிப்போடுவார்கள். தவிர்க்க முடியாதபோதும் முதல் மாதத்தைக் கடக்கவாவது பார்ப்பார்கள். அப்போதும் ஆஸ்பிரின் பொதுவாக நிற்காது. இரண்டாவது மாத்திரை மட்டும், டிகாகிரெலார் என்றால் மூன்று முதல் ஐந்து நாள், குளோபிடோகிரெல் என்றால் ஐந்து நாள், பிராசுகிரெல் என்றால் ஏழு நாள் முன்னதாக நிறுத்தப்படும். நிறுத்தும் தேதியை அறுவை மருத்துவரும் இதய மருத்துவரும் சேர்ந்து குறிக்க வேண்டும். அறுவை முடிந்து கசிவு அடங்கியதும், கூடுமானால் 48 மணி நேரத்துக்குள், நிறுத்திய மாத்திரை மறுபடி தொடங்கப்படும்.